அரை நூல் விலகல்

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுப் பொத்தான் டப்பாவின் மூடி காணாமல் போனது. டப்பா இருந்தது. பொத்தான்கள், ஊசிகள், அறுந்த ஜிப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. மூடி மட்டும் இல்லை. நீலத் தகரத்தில் வெள்ளை அன்னம் ஒன்று நீந்திக்கொண்டிருக்கும் மூடி அது. திருடனாக இருந்தால் டப்பாவோடு எடுத்திருப்பான். மூடியை மட்டும் எடுத்துப் போகிறவனுக்கு வேறு ஏதோ திட்டம் இருக்கிறது.

"ஒரு மூடிக்கு இவ்வளவு விசாரணையா? ஒரு தட்டை வச்சு மூடு" என்றாள் அம்மா.

"தட்டு காணாம போனா?"

"தாயே, உன்னைப் பெத்ததுக்குப் பதிலா ஒரு பூட்டு வாங்கியிருக்கலாம்."

வீட்டில் என்னை சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு வருத்தமில்லை. நான் கட்டடங்களுக்கு ஒயரிங் செய்கிறவள். "மெயினை அணைச்சாச்சு, தொடலாம்" என்று யார் சொன்னாலும், டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் ஒயரைத் தொடுவதில்லை. நம்பித் தொட்ட ஒருவரின் கட்டைவிரலை நான் பார்த்திருக்கிறேன்.

மூடி மட்டும் காணாமல் போகவில்லை. அக்காவும் இரண்டு வாரமாகத் தினமும் காலை ஆறிலிருந்து எட்டரை வரை காணாமல் போனாள். நடைப்பயிற்சி என்றாள். ஏழு வருடம் மாடிப்படிப் பட்டறையில் மரம் தூக்கியவள், பட்டறை மூடிய பிறகும் ஒரு நாள்கூட நடக்கப் போனதில்லை. இப்போது போகிறாள், திரும்பி வந்ததும் முகத்தை இரண்டு முறை கழுவுகிறாள், கேட்டால் சிரிக்கிறாள். யாரோ இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் யாராக இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அதைக் கேட்க நேரமில்லை. நாங்கள் லேத் வாங்கவேண்டியிருந்தது.

மரம் கடையும் எந்திரம் ஒன்றுக்காக நானும் அக்காவும் ஐந்து வருடம் பணம் சேர்த்திருந்தோம். பாதி அவளுடையது, பாதி என்னுடையது. அக்காவுக்கு அறைகலன் கடை ஒன்று ஸ்டூல் கால்கள் கடைந்து தர வேலை கொடுத்திருந்தது. என் கனவு வேறு. மரத்தில் கடைந்த விளக்குத் தண்டுகள். அவள் கடைவாள், நான் ஒயர் கோத்து விளக்காக்குவேன். ஏணியில் நின்றபடி அடுத்தவர் வீட்டுக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு மேசையில் உட்கார்ந்து என் விளக்கை நானே ஏற்றிப் பார்க்கவேண்டும். இரண்டில் எது நடக்கவும் ஒரே ஒரு லேத்துக்குத்தான் பணம் இருந்தது. தவறான எந்திரத்தை வாங்கினால் இன்னொரு ஐந்து வருடம். அதனால் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தோம்: இருவரும் சரி என்றால்தான் வாங்குவது.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். புது லேத், சின்னது, பச்சை வண்ணம் பளபளத்தது. கடைக்காரர் அதைத் தட்டிக்கொடுத்து, "பத்து வருஷத்துக்குப் பேச்சே இல்ல" என்றார்.

"உத்தரவாதம் எத்தனை வருஷம்?"

"ஒண்ணு."

"அப்போ மீதி ஒன்பது வருஷத்துக்குத்தான் பேச்சே இல்லையா?"

அக்கா என் காலை மிதித்தாள். அவள் மடக்கு அளவுகோலை விரித்து எந்திரத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பிடித்தாள். மரம் கடையும்போது கட்டையின் ஒரு முனையை மோட்டார் இருக்கும் தலைப்பக்கம் பிடித்துச் சுழற்றும், மறுமுனையை வால்பக்கம் தாங்கிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் நீங்கள் கடையக்கூடிய மரத்தின் நீளம். விளக்குத் தண்டு அதற்குள் வசதியாக அடங்கியது. ஸ்டூல் கால் நான்கு விரல் வெளியே நின்றது. போதாக்குறைக்கு மொத்தப் பணமும் அதற்கே போய்விடும், உளி வாங்கக்கூட மிஞ்சாது.

"யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழணுமா?" என்று அக்கா முணுமுணுத்தாள். வெளியே வந்ததும், "நாளைக்குப் பழசு ஒண்ணு பாக்கப் போலாம். பேப்பர்ல விளம்பரம் வந்திருக்கு" என்றாள்.

எந்தப் பேப்பர் என்று கேட்டேன். மறந்துவிட்டது என்றாள்.

*

ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். கார் நிறுத்தும் கொட்டகையில் காரை விற்றுவிட்டு லேத்தை வைத்திருந்தார். வாசலிலேயே ஒரு கட்டுக்கயிறும் நான்கைந்து அட்டைப்பெட்டிகளும் கிடந்தன. கழுத்துப்பட்டை போட்ட கிழட்டு நாய் ஒன்று என்னைப் பார்த்துக் குரைத்தது. அக்காவைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

இதைக் குறித்துக்கொண்டேன்.

வீட்டுப் பக்கமிருந்து கொட்டகைக்குள் இறங்க மூன்று படிகள். நடுப்படி உடைந்திருந்தது. நான் தடுமாறிச் சுவரைப் பிடித்தேன். எனக்கு முன்னால் போன அக்கா கீழே பார்க்காமலேயே அந்தப் படியைத் தாண்டியிருந்தாள்.

இதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் அப்போது என் முழுக்கவனமும் டாக்ஸிக்காரர் மேல்தான் இருந்தது. மனிதர் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வாசல் கேட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது வர்றாங்களா?" என்றேன்.

"பன்னெண்டு மணிக்கு வண்டி வருது, தங்கச்சி. நான் மகள் வீட்டுக்குப் போறேன். நாலாவது மாடி. இதைத் தூக்கிட்டுப் போனா மகள் என்னைத் தூக்கி வெளியில வச்சிடுவா. நீங்க எடுக்கலன்னா அதே வண்டியில பழைய இரும்புக் கடைக்குப் போகும்."

பன்னிரண்டு மணிக்குள் முடிவு செய்யவேண்டும். வாங்குகிறவரை யோசிக்கவிடாமல் அவசரப்படுத்துவது விற்பவர்கள் செய்யும் முதல் வேலை.

எந்திரம் நீளமாக, கறுப்பாக, உறங்கும் எருமை போலக் கிடந்தது. ஸ்டூல் கால் என்ன, கட்டில் கால்கூட அடங்கும். விலையோ கடையில் பார்த்ததில் பாதிக்கும் சற்று மேல். நல்ல எந்திரத்தை இந்த விலைக்கு யார் கொடுப்பார்கள்?

மோட்டாரின்மேல் புறங்கையை வைத்தேன். உள்ளங்கை ஏமாற்றும், புறங்கை சொல்லிவிடும். மோட்டார் வெதுவெதுப்பாக இருந்தது.

"காலையில ஓட்டினீங்களா?"

டாக்ஸிக்காரர் அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா... கொஞ்சம் ஓடிச்சு."

ஓட்டினேன் என்று சொல்லவில்லை, ஓடிற்று என்றார். பழைய மோட்டாரை விற்பவர்கள் ஆள் வருவதற்கு முன் ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். குளிர்ந்த மோட்டார் முனகும், திணறும். சூடான மோட்டார் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

"ஆற விட்டுத்தான் பாப்பேன்" என்றேன்.

"தாராளமா. உக்காருங்க."

"இது உங்களோடதுதானே?"

"ஏய்!" என்றாள் அக்கா.

"கேக்கறதுல என்ன தப்பு? ரசீது இருக்கா?"

மனிதர் கோபப்படவில்லை. உள்ளே போய் மடித்து மடித்துப் பழுத்துப்போன ரசீது ஒன்றைக் கொண்டுவந்தார். பிரிந்துபோகாமல் தாங்கும் அளவுக்குத்தான் மடிப்புகளில் காகிதம் மிச்சமிருந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய தேதி. மடியில் கனமில்லாதவர் போலத்தான் நின்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு அவமானத்தையும் பொறுத்துக்கொள்கிறார் என்றால், அதைவிடப் பெரிதாக ஏதோ மறைக்கிறார்.

அரை மணி நேரம் கழித்து எந்திரத்தை ஓடவிட்டேன். திணறவில்லை. மோட்டாரின் இணைப்புகளை டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எந்திரத்தின் உடம்பில் எங்கும் மின்கசிவில்லை. பெல்ட் புதிது. ஒரு நாணயத்தைத் தலைப்பக்கத்து இரும்பின்மேல் விளிம்பில் நிற்கவைத்தேன். அதிர்வு இருந்தால் நாணயம் விழுந்துவிடும். நின்றது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடும் எந்திரத்தின்மேல் ஒரு குட்டி நிலவு மாதிரி அது அசையாமல் நின்றது. எனக்கு அந்த எந்திரத்தைப் பிடித்துவிடுமோ என்று பயம் வந்தது.

"திருப்தியா?" என்றாள் அக்கா. குரல் ஒரு சுருதி மேலே இருந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி." எந்திரத்தை நிறுத்தி, வால்பக்கத்தைத் தலைப்பக்கம் நோக்கித் தள்ள ஆரம்பித்தேன். இரண்டு பக்கத்து முனைகளும் கூரானவை. அருகே கொண்டுவந்தால் ஊசியும் ஊசியும் முத்தமிடுவது போல நேருக்கு நேர் சந்திக்கவேண்டும்.

"ரொம்ப நேரமாச்சு, தண்ணி குடிக்கலாமா?" என்றாள் அக்கா.

"குடி."

"நீயும் வா."

"நான் என்ன, கொதிக்கிற ரேடியேட்டரா? வேணாம்."

முனைகள் சந்திக்கவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பாள் அக்கா. அவள் பட்டறையில் எல்லாருக்கும் அதுதான் அளவு. இங்கே அரை நூல் விலகியிருந்தது. கண்ணுக்குச் சின்னதுதான். ஸ்டூல் கால் கடைய இது ஒரு பொருட்டே இல்லை, கட்டை எப்படியோ சுழலும், உருண்டையாகும். ஆனால் விளக்குத் தண்டுக்கு ஒயர் போக நடுவில் நீளத்துக்கும் துளை போடவேண்டும். வால்பக்கத்திலிருந்து துளைப்பான் உள்ளே போகும். தொடங்கும் இடத்தில் அரை நூல் தப்பினால், போகப் போக எங்கோ விலாவைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

இதுதான். இதைத்தான் மறைத்திருக்கிறார். டார்ச்சை எடுத்துக்கொண்டு மரத்தூளில் மல்லாந்து படுத்து எந்திரத்தின் அடியில் நுழைந்தேன். தலைப்பக்கத்தின் ஒரு கால் எப்போதோ உடைந்து ஒட்டவைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலின் அடியில், உயரத்தைச் சரிக்கட்ட, மெல்லிய தகரத் துண்டுகள் சொருகப்பட்டிருந்தன.

"பாத்தீங்களா! முட்டுக் குடுத்து ஏமாத்தப் பாத்திருக்கீங்க. தகரத்தை வச்சு..."

டார்ச் வெளிச்சத்தில் தகரம் நீலமாக இருந்தது. நீலத்தின் நடுவே வெள்ளையாக ஒரு கழுத்து வளைந்து வந்து, வெட்டிய இடத்தில் நின்றிருந்தது. தலை இல்லாத அன்னம்.

நாய் வந்து என் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது. நடைப்பயிற்சி, இரண்டு முறை முகம் கழுவுதல், வாலாட்டிய நாய், உடைந்த படி, வெதுவெதுப்பான மோட்டார். எல்லாம் கையில்தான் இருந்தன. ஒயரை மாற்றிப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

வெளியே வந்து எழுந்து நின்றேன். முதுகெல்லாம் தூள். டாக்ஸிக்காரர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்மா, தங்கச்சிகிட்ட சொல்லிடுன்னு" என்றார். "எனக்குப் பொய் சொல்ல வராது. டாக்ஸியில மீட்டரைக்கூடத் திருப்பத் தெரியாமதான் இப்படி இருக்கேன்."

"அப்போ விலகல் இருக்குன்னு..."

"முதல் நாளே காட்டிட்டேன். இறக்கும்போது கீழ விழுந்துடுச்சு. அதனாலதானே இந்த விலை?"

காலையிலிருந்து இவரைத் திருடன் என்பதைத் தவிர மற்ற எல்லாம் சொல்லியிருந்தேன். ரசீது கேட்டதில் அதையும் சொல்லிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம். இப்போது அவர் பக்கம் திரும்ப வெட்கமாக இருந்தது. எனவே அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"ரெண்டு வாரமா?"

"பதினாலு நாள்."

"உன் ஸ்டூல் காலுக்கு இது போதும். என் விளக்குக்கு ஆகாது. அது தெரிஞ்சு, என்னைக் கூட்டிட்டு வந்து, நான் சரின்னு சொல்றதுக்காக நாடகம் போட்டிருக்க. பேப்பர்ல விளம்பரமாம்!"

"நீ சொல்றதுல பாதிதான் சரி" என்றாள் அக்கா.

"எந்தப் பாதி தப்பு?"

அவள் கோபப்படும்போது பேசமாட்டாள், அழப்போகும்போதும் பேசமாட்டாள். எது என்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. நான் படி ஏறினேன். இந்த முறை உடைந்த படியை நானும் தாண்டினேன்.

"தங்கச்சி" என்றார் டாக்ஸிக்காரர் பின்னாலிருந்து. "போறதுன்னா போ. மேசைக்கடியில இருக்கற பெட்டியை மட்டும் பாத்துட்டுப் போ. எனக்கு அதைக் கட்டிட்டுப் போகவும் இடமில்ல."

திரும்பி இறங்கினேன். மேசையின் அடியில் ஒரு பழப்பெட்டி. மேலே மூடியிருந்த சாக்கை விலக்கினேன். ஸ்டூல் கால்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எல்லாம் விளக்குத் தண்டு நீளத்துக்கு வெட்டிய கட்டைகள். பதினொன்று. ஒவ்வொன்றின் முனையிலும் பென்சிலால் தேதி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை, ஒவ்வொரு துளையும் போகப் போக நடுவைவிட்டு விலகியிருந்தது. முதல் கட்டையில் துளை விலாவைக் கிழித்திருந்தது. புதன்கிழமைக் கட்டையில் கிட்டத்தட்ட நடுவுக்கு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மூடி போனது, புதன்கிழமை அன்னத்தின் கழுத்து வேலை செய்திருக்கிறது. வியாழன் அன்று மறுபடி விலகல். அன்று காலைத் தேதி போட்ட கட்டை இன்னும் ஈர மரவாசனையோடு இருந்தது. அதில் துளை பாதியில் நின்றிருந்தது.

ஒன்றின் உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டு. மறுமுனை தெரியவில்லை.

"சரி பண்ணிட்டு உனக்குக் காட்டலாம்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. "முனை சேரலன்னு முதல்லயே சொல்லியிருந்தா நீ இந்தத் தெருவுக்குள்ளயே வந்திருக்க மாட்ட. சொல்லு, வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டேன். அதை ஒப்புக்கொள்ளாமல், "ஒரு மூடியை வெட்டறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டா எதுக்குன்னு கேப்ப."

"கேப்பேன்."

"அதான்."

கேட்டில் ஹாரன் அடித்தது. வண்டி உண்மையாகவே வந்துவிட்டது, அதுவும் பத்து நிமிடம் முன்னதாக. ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்து, "இரும்பு எங்க இருக்கு?" என்றார்.

"கொஞ்சம் பொறுப்பா" என்றார் டாக்ஸிக்காரர். சொல்லிவிட்டு எந்திரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார். இருபது வருடம் வைத்திருந்த எந்திரத்தை ஒருவர் இரும்பு என்று சொன்னால் கை அங்கேதான் போகும்.

நான் அந்தக் கட்டைகளைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன். துளை போகாது. இந்த எந்திரத்தில் எத்தனை அன்னத்தைச் சொருகினாலும் துளை நேராகப் போகாது. அது நிச்சயம். ஆனால் நான் ஏன் துளையைப் பற்றியே யோசிக்கிறேன்? எட்டு வருடமாகச் சுவருக்குள் ஒயர் கொண்டுபோகிறேன். ஒரு சுவரையாவது மேலிருந்து கீழாகத் துளைத்திருக்கிறேனா?

"அக்கா. சுவர்ல ஒயரை எப்படிக் கொண்டுபோறோம்?"

"எனக்கென்ன தெரியும், நீதான் பண்ற."

"பள்ளம் கொத்துவோம். ஒயரை வச்சு மேல பூசிடுவோம். துளைக்கறதே இல்ல." கட்டையை அவள் முன் நீட்டினேன். "இதை நீளவாக்குல ரெண்டா அறு. ரெண்டு பாதியிலயும் நடுவுல பள்ளம் எடு. சேத்து ஒட்டு. அப்புறம் கடை."

அக்கா கட்டையை வாங்கிக்கொண்டாள். கண்கள் அதன் நீளத்தில் ஓடின. "சென்டர் முனை எங்க குத்தும்? நடுவுல பள்ளம் இருந்தா பிடிக்க இடமே இல்லையே."

"ரெண்டு முனையிலயும் ரெண்டு விரல் பள்ளம் எடுக்காம விடு. கடைஞ்சப்புறம் அறுத்து எறிஞ்சிடு."

"சுத்தும்போது ஒட்டு விட்டா? மூஞ்சியில வந்து அடிக்கும்."

"விடாம ஒட்டத் தெரியாதா? ஏழு வருஷம் படிக்கட்டு ஒட்டினவதானே நீ?"

"பசை காய ஒரு நாள் வேணும். செஞ்சு பாத்துட்டு வாங்க முடியாது" என்றாள் மெதுவாக.

அதுதான் சிக்கல். டெஸ்டர் வைத்துப் பார்க்க முடியாத ஒயர் அது. எந்திரம் ஆகாதென்று கண்ணால் பார்த்துவிட்டேன். ஆகும் என்பதற்கோ என் வாயிலிருந்து இப்போதுதான் வந்த ஒரு யோசனையும், என்னிடம் பதினாலு நாள் பொய் சொன்ன ஒருத்தியின் கைகளும்தான் இருந்தன. அந்தக் கைகளைப் பார்த்தேன். இடது சுட்டுவிரலில் தகரம் கிழித்த கோடு ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. புதன்கிழமைக் காயமாக இருக்கவேண்டும். அதையும் நான் பார்த்திருந்தேன், காய் நறுக்கும்போது பட்டது என்று அவள் சொன்னதை மட்டும் ஏனோ சந்தேகப்படவில்லை.

வண்டி ஓட்டுநர் இன்னொரு ஹாரன் அடித்தார்.

"சரி" என்றேன்.

"என்ன சரி?"

"வாங்கலாம்."

டாக்ஸிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டுக்கயிற்றை எடுக்கப் போனார். போகும் வழியில் தலைப்பக்கத்து இரும்பின்மேல் இன்னும் விளிம்பில் நின்றுகொண்டிருந்த நாணயத்தை எடுத்து என் கையில் வைத்தார். "எண்ணிப் பாத்துக்கோ, தங்கச்சி" என்றார். எனக்கு அது வேண்டியதுதான். மன்னிப்புக் கேட்டேன். ரசீதையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.

நான்கு பேர் சேர்ந்து எந்திரத்தை வண்டியில் ஏற்றினோம். முதலில் எங்கள் வீடு, பிறகு அவருடைய மகள் வீடு என்று ஓட்டுநரிடம் பேசி முடித்தோம். நானும் அக்காவும் பின்னால், எந்திரத்துக்கு ஒரு பக்கம் ஒருவராக உட்கார்ந்துகொண்டோம். பழப்பெட்டியை மடியில் வைத்திருந்த அக்கா, தெருமுனை வரை கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எந்திரத்துக்கு மேலாக எட்டி என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ இவ்வளவு சீக்கிரம் சரின்னு சொல்ற ஆள் இல்லையே."

"சொல்லிட்டேன்ல?"

"அதான் கேக்கறேன். என்னத்த மறைக்கற?"

"ஒண்ணும் மறைக்கல."

அவள் நம்பவில்லை. வண்டி எங்கள் தெருவுக்குள் நுழையும்வரை, கண்ணை இடுக்கிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.